மிச்ச நிரை

1

இந்தக் கதை பிரியாணிக்குச் சற்று முன்னால் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து ஆதாரம் கேட்கக்கூடாது.

ஜொகூர் பாருவில் ஒரு ஓட்டலில் அனைத்துலக இளையோர் தலைமைத்துவ மாநாடு. மாநாட்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து ஊக்கப் பேச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து ‘உன்னால் முடியும்’ என்று சொல்லச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவர், மகனைக் கொண்டுவந்து விட வந்த ராஜசேகரன் என்பவர். என் கையைப் பிடித்தார். ஆனால் ‘உன்னால் முடியும்’ என்று சொல்லவில்லை.

“எங்கம்மா காலத்துல, இதே ஜொகூர்ல, லாபிஸ்ங்கிற ஊர்ல இப்படி ஒரு கூட்டம் நடந்துச்சாம். நாலு நாட்டுக்காரங்க வந்தாங்களாம். பேசிக்கிட்டே இருந்தவரு ஒருத்தரு பாதியில நின்னுட்டாரு. மிச்சத்த ஒரு ரப்பர் பால் வெட்டுற பொம்பள பேசி முடிச்சாங்களாம் லா.”

“அப்புறம்?”

“அப்புறமா? இருங்க, சாப்பாட்டுக்கு வரிசை நீண்டுரும்.”

எழுந்து போனார். திரும்பி வரவில்லை. சாப்பிட்டுவிட்டு அப்படியே வண்டியை எடுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் பேச்சாளரின் போது நான் தூங்கிப்போனேன். ஆக, மேலே உள்ள அவருடைய சில வாக்கியங்கள் போக, இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அப்படி ஒரு மாநாடு நடந்ததா என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டாதீர்கள். அதை நான்தான் நடத்துகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘லாபிஸ் ரயில் நிலையத்தில் விடியற்காலைப் பனி இன்னும் விலகாத வேளையில் நான்கு நாட்டு இளைஞர்கள் கனவுகளோடு—’

வேண்டாம். கனவுகளோடு வந்தவர்கள் பெட்டிகளோடும்தான் வந்திருப்பார்கள். தவிர, விடியற்காலையில் லாபிஸில் யாருக்கும் ஓய்வில்லை, எல்லாரும் பால் வெட்ட ரப்பர் மரத்தடியில் இருப்பார்கள்.

தொடக்கம் இரண்டு: ‘வீரமுத்து சிறுவயதிலிருந்தே நன்றாகப் பேசுவான்—’

இதுவும் வேண்டாம். ராஜசேகரன் பொம்பளை என்றுதானே சொன்னார். என் பேனா தானாக ஆண்பிள்ளையிடம் ஓடுகிறது. பிடித்து இழுத்து வந்தேன்.

தொடக்கம் மூன்றில் அவளுக்குப் பேச்சியம்மாள் என்று பேர் வைத்தேன். பேச்சைப் பற்றிய கதைக்குப் பேச்சியம்மாள். கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது. அடித்துவிட்டு அங்கம்மா என்று எழுதினேன். அங்கம்மா நின்றுவிட்டாள்.

(வருஷம்: முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் மாநாடு கூட்டி ‘இளைஞர்களே, தலைமை ஏற்க வாருங்கள்’ என்று கூப்பிட யாருக்கும் மனம் வந்திருக்காது.)

3

அங்கம்மாவுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். லாபிஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்னத் தோட்டம், அதில் பால் வெட்டுகிறாள். கைக்குழந்தை ஒன்று, பெண். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப் போக ஒரு கொட்டகை கிடையாது. விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் சேலையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, அது அழுகிற சத்தம் காதில் விழும் தூரம் வரை வெட்டிக்கொண்டு போக வேண்டும். தூரம் கூடினால் ஓடி வந்து பார்க்க வேண்டும். போன மழையில் தூளி நனைந்து பிள்ளைக்கு மார்ச்சளி கட்டிப் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. மறுபடி மழைக்காலம் வரப்போகிறது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு கொட்டகை கேட்டுவிட வேண்டும் என்று அங்கம்மா அன்றே தீர்மானித்துவிட்டாள். ஆனால் துரை நின்று கேட்கிறவர் இல்லை. அவர் வருவது குதிரையில், போவதும் குதிரையில்.

அப்படிப்பட்ட துரை ஒரு பிற்பகல் முழுக்க நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று தெரிந்தது.

சிங்கப்பூரில் தொடங்கிய மாநாட்டின் கடைசி நாள் கூட்டம் லாபிஸில். வெளிநாட்டு இளைஞர்களுக்குத் தோட்டத்தைக் காட்ட வேண்டுமாம். பங்சாவான் என்ற மலாய் நாடகம் போடுகிற மரக்கொட்டகையைப் பிடித்திருந்தார்கள். துரை முதல் வரிசை விருந்தினர். தோட்டத்து ஆட்கள் பின்வரிசையில். தோட்டத்தின் சார்பில் நன்றியுரை சொல்ல ஒரு பெண் வேண்டும் என்று மாநாட்டுக்காரர்கள் கேட்டார்கள். துரையின் கணக்குப்பிள்ளையான ஐயாசாமி கிராணி, எது சொன்னாலும் அப்படியே ஒப்பிக்கக்கூடியவள் என்று அங்கம்மாவைக் காட்டினார்.

அவர் சொல்லிக் கொடுத்த நன்றியுரையை அவள் பாடம் பண்ணிக்கொண்டாள். கடைசியில் ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை, அதில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அவ்வளவுதான் அந்த வரி.

4

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அடிக்குறிப்பாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள், அதனால் நடுவிலேயே வைக்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய மர வரிசைக்கு நிரை என்று பேர். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் நிரை சும்மா கிடக்காது. பக்கத்து நிரைக்காரி அதையும் சேர்த்து வெட்டுவாள். நேற்றைய வெட்டு எங்கே நின்றதோ அங்கேயிருந்து தொடங்குவாள், தன் இஷ்டத்துக்குப் புதிதாகக் கீற மாட்டாள். அந்தப் பால் படுத்துக் கிடப்பவளின் வாளியில் சேரும், அவள் பேரில் நிறுக்கப்படும். வெட்டியவளுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. பிறகு ஒருநாள் இவளுக்கு முடியாமல் போனால் அவள் வந்து வெட்டுவாள். அடுத்தவள் நிரைப் பாலைத் தன் வாளியில் ஊற்றினவள் என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால், லயத்து வீடுகளில் அவள் முகத்தைக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள்.

5

மேடைக்குப் பின்னால், நாடகக்காரர்கள் விட்டுப்போன கிரீடங்களுக்கு நடுவில், ஒருவர் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ரங்கூனிலிருந்து வந்த ஜெய்னுலாபுதீன். மாநாட்டின் பெரிய பேச்சாளர் அவர்தான், வெளிநாட்டுப் பேச்சாளர்களில் தமிழில் பேசுகிறவரும் அவர் ஒருவர்தான். அங்கம்மா தன் முறைக்காக அங்கே காத்திருந்தாள்.

“தொண்டை என்னங்க பாய் இப்படிக் கரகரங்குது?”

“சிங்கப்பூர், ஜொகூர் பாரு, குளுவாங்னு ஊருக்கு ஊரு பேசியாச்சும்மா. இன்னைக்கு ஒருநாள் தாங்கிட்டா போதும். நீங்க என்ன பேசப் போறீங்க?”

“நன்றி சொல்லணுங்க. கடைசியில ஒண்ணு கேக்கணும்.” என்ன கேட்கப் போகிறாள் என்பதையும், தூளி நனைந்ததையும் சொன்னாள்.

அவர் கொப்பளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அதைக் கடைசியில வைக்காதீங்க. முதல்லயே சொல்லிருங்க. சாயங்காலம் எங்களுக்கு ரயில். கடைசியில வைக்கிறதையெல்லாம் அந்த ரயில் வந்து தூக்கிட்டுப் போயிரும்.”

“எடுத்த எடுப்புல கேட்டா நல்லாவா இருக்கும், பாய்?”

அவருக்கு இருமல் வந்தது. அடங்குவதற்கு நேரம் பிடித்தது.

“எங்க தோட்டமா இருந்தா உங்க நிரையையும் சேத்து நானே வெட்டிருவேன்” என்றாள் அங்கம்மா. நிரை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள்.

“அப்ப நானும் திருப்பி வெட்டணுமோ?”

“பின்ன? ஒரு நிரைக்கு ஒரு நிரைங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

[இந்தச் சிரிப்பை நான் கதையின் முடிவை எழுதிய பிறகு திரும்பி வந்து இங்கே செருகினேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். வெளியே சொல்ல மாட்டார்கள்.]

6

கூட்டம் தொடங்கியது. இலங்கைக்காரர் பேசினார், சயாம்காரர் பேசினார், ஜாவாக்காரர் பேசினார். தலைவர் ஜெயபாலன், சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியர், ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சுருக்கிச் சொன்னார். எதிர்காலம் உங்கள் கைகளில் இருக்கிறது என்று மூவரும் சொன்னதாகத் தெரிந்தது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அங்கம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரலிடுக்கில் காய்ந்த பாலை உரித்து உருட்டியபடி, தன்னுடைய வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜெய்னுலாபுதீன். துரையின் பின்னால் உட்கார்ந்திருந்த ஐயாசாமி கிராணி, அவர் காதருகே குனிந்து மொழிபெயர்க்கத் தயாரானார்.

(நான் எழுதிய முதல் படியில் ஜெய்னுலாபுதீன் ஒரு படகுக் கதை சொன்னார். ஆற்றின் நடுவில் படகோட்டி மயங்கி விழுகிறான், துடுப்பை யார் எடுப்பது— இதற்குப் பிறகு வரப்போவதை நினைத்தால் இது அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. வாசகர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். கிழித்தேன்.)

“அன்பர்களே, தலைவர் என்பவர் யார்? என் தெருவிலிருந்து சொல்கிறேன்” என்று அவர் தொடங்கினார். ரங்கூனில் அவர் பிறந்த தெருவுக்கு ஒரே குழாய், அதுவும் உடைந்த குழாய். மனு போட்டுப் போட்டு எல்லாரும் களைத்துவிட்டார்கள். மஜீதா என்ற பெண் மட்டும் நகரசபை வாசலுக்குப் போனாள். எழுதத் தெரியாது, பேசவும் விடமாட்டார்கள். அதனால் சும்மா நின்றாள். மறுநாளும் போய் நின்றாள். காவற்காரன் விரட்டினால் எதிர்ப்புறம் போய் நின்றாள்.

“ஒருநாள் அதிகாரியே வெளியே வந்தார். ‘தினந்தினம் இங்கே வந்து நிற்கிறாயே, உனக்கு என்னதான் வேண்டும்?’ என்று கேட்டார். மஜீதா நிமிர்ந்து பார்த்து—”

அவ்வளவுதான். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. கொட்டகை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. “நண்பரின் உடல்நிலை கருதி, கூட்டத்தை இத்துடன்—”

நன்றியுரையும் சேர்ந்து போகிறது என்று அங்கம்மாவுக்கு உறைத்தது. எழுந்து மேடையின் நடுவுக்கு வந்துவிட்டாள்.

“பாயோட நிரை பாதியில நிக்குதுங்க. நான் முடிச்சிர்றேன்.”

ஜெயபாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசைக்கு முழுக்கப் புரிந்தது. அங்கம்மாவின் பிள்ளையை மடியில் வைத்திருந்த கருப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெய்னுலாபுதீன் ஓர் அடி விலகி இடம் கொடுத்தார்.

7

எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது இங்கேதான்.

எழுந்தது எதற்காக? நிரைக்காகவா, தன் வரிக்காகவா? நான் அவளைக் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கால் எழுந்துவிட்டது, அதன் பிறகுதான் வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. துரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கிராணியின் வாய் அவர் காதருகே இருக்கிறது. மஜீதா ஒரு குழாயைக் கேட்டாள் என்பதற்குப் பதில் ஒரு கொட்டகையைக் கேட்டாள் என்று சொன்னால் போதும். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

பின்வரிசைக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அது பாயின் நிரை.

8

“அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க” என்று தொடங்கினாள் அங்கம்மா. “பாய் சொல்லல. ஆனா அது குழாய்க்காகத்தான் போச்சு. குழாயைத்தான் கேட்டிருக்கும், வேற எதைக் கேக்கப் போவுது?”

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“நிக்கிறது லேசுன்னு நெனச்சிராதீங்க. நாங்க காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரிசையில நிக்கிறவங்க, எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துல கால் கடுக்கும். அப்புறம் எதுக்கு நிக்கிறோம்ங்கிறதே மறந்துரும். வீட்டுக்குப் போயிரலாம்னு தோணும். அந்தப் பொண்ணு மறக்கல. அதுக்குத் தாகமா இருந்திருக்கும்ங்க. தண்ணிக்குப் போனதுக்குத் தண்ணி குடுக்க ஆள் இருந்திருக்காது. வீட்டுல—”

நிறுத்தினாள். வீட்டில் அதற்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும் என்று சொல்ல வந்தாள். அந்தப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தது என்று கேட்டால், அடுத்த வரி தானாக வந்துவிடும். கொட்டகை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. கருப்பாயியின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. துரை தலையைச் சாய்த்து, கிராணி சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை அவர் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

சொல்லை விழுங்கினாள். அதுபோல் கசந்த ஒன்றை அவள் அதற்கு முன் விழுங்கியதில்லை.

“வீட்டுல எல்லாரும் கொடத்த வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. தண்ணி வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பாய்தான் சொல்லணும்.”

திரும்பி அவரைப் பார்த்தாள். ஜெய்னுலாபுதீன் கையை உயர்த்தி, இல்லாத குழாய் ஒன்றைத் திருகித் திறந்தார். மறு கையைக் குவித்து அதன் கீழே நீட்டினார்.

கொட்டகை கைதட்டியது. துரையும் தட்டினார். “பாய் பேச்சு முடிஞ்சுதுங்க” என்று அங்கம்மா கும்பிட்டாள்.

“மிக்க நன்று” என்றார் ஜெயபாலன். “நேரமின்மையால், நன்றியுரை நிகழ்த்தப்பட்டதாகவே கருதிக்கொள்வோம்.”

9

இங்கே முடித்துவிடலாம். முடித்துப் பார்த்தேன்.

முடிவு அ: அங்கம்மா லயத்துக்குத் திரும்புகிறாள். மழை வருகிறது. தூளியை இன்னொரு சேலையால் மூடிக் கட்டுகிறாள். (மாநாட்டு மலர்க்குழு இதை வாங்காது. எனக்கும் இதை எழுதிவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அவள் நேர்மையைக் கேள்விப்பட்டுத் துரை உருகி, தானாகவே கொட்டகை கட்டித்—

ஆ-வை முடிக்கக்கூட இல்லை. அவள் சொல்லாததைத் துரை எப்படிக் கேள்விப்படுவார்?

அப்போதுதான் ஒருவர் இன்னும் தன் கடனை அடைக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

10

எல்லாரும் எழுந்தார்கள். வெளிநாட்டு இளைஞர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு விரைந்தார்கள். துரை தொப்பியைக் கையில் எடுத்தார்.

ஜெய்னுலாபுதீன் பெட்டியை எடுக்கவில்லை. மேடைப் படிகளில் இறங்கினார். நேராகத் துரையின் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். சொல்ல அவரிடம் குரல் இல்லை.

“பாய், ரயில்” என்றார் ஜெயபாலன் வாசலிலிருந்து.

ஜெய்னுலாபுதீன் வரவில்லை என்று தலையை அசைத்தார். மேடையில் நின்ற அங்கம்மாவைக் கையால் காட்டினார். பிறகு கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, மஜீதா நின்ற மாதிரி நின்றார்.

அங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய நிரையை வெட்ட வந்திருக்கிறார். பேசிப் பிழைக்கிற மனுஷன், பேச்சில்லாமல் வந்திருக்கிறார். தனக்காக ஒருவர் ரயிலை விடுகிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்து, எதிரில் இருந்தவர்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தார்கள்.

கருப்பாயி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பின்வரிசையிலிருந்து நடந்து வந்து ஜெய்னுலாபுதீன் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் தலைகளை எண்ணிப் பழகிய ஐயாசாமி கிராணி, இன்று எண்ணவில்லை.

ரயில் ஊதியது. வந்து நின்றது. மறுபடி ஊதியது. கொட்டகையில் யாரும் அசையவில்லை. சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு துரையின் தொப்பியைப் பார்த்தது.

துரை கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணியாகவே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடலாம், அது அவர் வழக்கம்தான். ஆனால் அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்கம்மா, தொரை கேக்குறாரு. ஒங்களுக்கெல்லாம் என்னதான் வேணுமாம்?”

அங்கம்மா நிமிர்ந்து பார்த்து—

11

என் வெட்டு இங்கே நிற்கிறது.

அவள் என்ன கேட்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். துரை என்ன சொல்வார் என்பதுதான் மிச்சம். நான் இரண்டு விதமாகவும் எழுதினேன். கொட்டகை கிடைத்தது என்று எழுதினால், இரக்கமுள்ள எழுத்து என்று எனக்குப் பேர். கிடைக்கவில்லை என்று எழுதினால், உண்மையை மறைக்காத எழுத்து என்று எனக்குப் பேர். எப்படி எழுதினாலும் பால் என் வாளியில்தான் விழுகிறது. பாயின் நிரையில் நின்று தன் சொல்லை விழுங்கியவளின் கதையில் அதை மட்டும் செய்ய எனக்குக் கை வரவில்லை.

எனவே மிச்சம் உங்கள் நிரை. நான் நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குங்கள், புதிதாகக் கீறாதீர்கள். ரயில் போய்விட்டது, ஜெய்னுலாபுதீனுக்கு இனி நாளைக்குத்தான் வண்டி. மேற்கே மழை இருட்டிக்கொண்டிருக்கிறது. துரை வாயைத் திறக்கிறார்.

என்ன சொல்ல வைத்தாலும், பாலை அங்கம்மாவின் பேரில் நிறுத்துவிடுங்கள்.